ரயில் மேட்டில் முடிந்துபோன இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் ரிக்கெட்ஸ் அவர்களே! தபால் ஊழியர் சங்கத் தலைவி அவர்களே! பளபளக்கும் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் துக்கத்தில் பங்குகொள்ள வந்திருக்கும் நகரத் திட்ட இயக்குநர் டாக்டர் ஹார்க்னெஸ் அவர்களே! என் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் வெள்ளையர்களே! என் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் கறுப்பர்களே! இடப்பக்கத்திலிருந்து எழுந்து வந்த ஸ்டான் ஹுடாக்கின் வணக்கம்.

முகம் சுளிக்காதீர்கள். நானா உங்களைப் பிரித்து உட்காரவைத்தேன்? நீங்களாகவேதான் வந்தீர்கள், நீங்களாகவேதான் உட்கார்ந்தீர்கள். இடப்பக்கம் தொண்ணூறு பேர், வலப்பக்கம் தொண்ணூறு பேர். நடுவில் ஆறடி நடைபாதை, அதில் ஒரு ஈ காக்கை இல்லை. டாக்டர் ஹார்க்னெஸின் கணக்குப்படி கெல்லர்ஸ்பர்க் நகரத்திலேயே அழகாகக் கலந்து வாழும் கூடம் இதுதான்! கேடயத்தை இங்கேயே ஆணியடித்து மாட்டிவிடலாம்.

நம்மை விட்டுப் பிரிந்த அர்னீதா போக்ஸ் அம்மையார் யார்? இன்று முப்பத்தொன்றாம் வட்டாரம் என்கிறார்களே, அந்தப் பகுதிக்கு முப்பத்தொரு வருடம் தபால் போட்டவர். தண்டவாளம் ஓடும் ரயில் மேட்டுக்கு இந்தப் பக்கமும் போட்டவர், அந்தப் பக்கமும் போட்டவர். அவர் விடுப்பு எடுக்கும் நாள்களில் அதே பையை நான் சுமந்தேன், இருபத்திரண்டு வருடம். எந்தப் படியில் பனி வழுக்கும், எந்த வேலிக்குப் பின்னால் நாய் காத்திருக்கும் என்று எங்கள் இருவருக்கும்தான் தெரியும். இயக்குநருக்குத் தெரியுமா? அவருக்குத் தெரிந்தது ஒரு எண்.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். நூற்றுக்கு எத்தனை பேர் வீடு மாறினால் நகரம் முழுவதும் ஒரே கலவையாகும் என்று சொல்லும் எண் அது. பூஜ்ஜியம் என்றால் கலந்துவிட்டோம், நூறு என்றால் முற்றிலும் பிரிந்துவிட்டோம். போன வருடம் அது எழுபத்தொன்பதிலிருந்து எழுபத்திரண்டுக்கு இறங்கியதாம். அலுவலகத்தில் கேக் வெட்டினார்களாம்! மேட்டுக்குக் கிழக்கே இருந்த வட்டாரத்தையும் மேற்கே இருந்த வட்டாரத்தையும் ஒரே கோட்டுக்குள் அடைத்துப் புதிய முப்பத்தொன்றாம் வட்டாரம் என்று பெயர் வைத்தார்கள். பாதி வெள்ளையர், பாதி கறுப்பர். ஒரு குடும்பமாவது வீடு மாறியதா? ஒரு பெட்டியாவது வண்டியில் ஏறியதா? பேனா நகர்ந்தது, எண் இறங்கியது. இதற்குப் பெயர் சாதனை, இதற்குத்தான் அந்தக் கேடயம்!

அர்னீதா அம்மையார் அந்த அறிக்கையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"சார், நடுவுல இருபதடி மேடு இருக்கு. அது உங்க கணக்குல எங்க?"

"வட்டாரத்துக்குள்ள என்ன இருக்குன்னு இந்த எண் பார்க்காதும்மா. வட்டாரம் முழுசையும் ஒண்ணாத்தான் எடுத்துக்கும்."

"அப்போ சூப்புப் பாத்திரத்துக்கு நடுவுல தகரத்தை வெச்சு அடைச்சுட்டு, எல்லாம் ஒரே சூப்புதான்னு சொல்வீங்களா?"

"நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க."

"நான் தபால்காரி சார். எனக்குக் கதவு எண்ணத்தான் தெரியும். நீங்க எதை எண்ணுறீங்கன்னுதான் புரியல."

டாக்டர் ஹார்க்னெஸ் அவர்களே, தலை குனிய வேண்டாம். தண்ணீர் வேண்டுமானால் குடியுங்கள்.

எண்ணைத் திட்டிவிட்டு நம்மை விட்டுவிட்டால் அது அர்னீதா அம்மையாருக்குச் செய்யும் துரோகம். நம் கண் மட்டும் என்ன ஒழுங்கு? மேட்டுக்கு இந்தப் பக்கம் டோபின் தெருவில் நாற்பத்துநான்கு வீடுகள். மூன்றில் கறுப்பர் குடும்பம். அங்கே டொலோரஸ் பாவ்லிக் அம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பாதிக்குப் பாதி வந்துட்டாங்க அர்னீதா. நீ நல்லவ, உன்னைச் சொல்லல." அதே நாள், மேட்டுக்கு அந்தப் பக்கம் கிளியோபஸ் யான்சி ஐயா சொன்னார்: "வெள்ளைக்காரன் மூஞ்சி பார்க்கணும்னா ஒரு மைல் போகணும்மா." டொலோரஸ் வீட்டுக் கொல்லைக்கும் யான்சி ஐயா வீட்டுக் கொல்லைக்கும் இடையே எவ்வளவு தூரம்? இருநூறு அடி! ஒருவருக்கு மூன்று வீடு இருபத்திரண்டாகத் தெரிகிறது, இன்னொருவருக்கு இருநூறு அடி ஒரு மைலாகத் தெரிகிறது. டொலோரஸ் அம்மா, நீங்கள் இரண்டாவது வரிசையில் இருப்பது தெரியும். பின்னால் திரும்பிப் பார்த்து வேறு டொலோரஸைத் தேட வேண்டாம்.

ஓய்வு பெற்ற பிறகு அம்மையார் வீடு வீடாகப் போனார். வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, "உங்க பேட்டை எதுவோ அதை வரைங்க" என்றார். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வரைந்தார்கள். தேவாலயம் வரைந்தார்கள், மதுக்கடை வரைந்தார்கள், செத்துப்போன நாயின் கூண்டு வரைக்கும் வரைந்தார்கள். அத்தனை படங்களும் ரயில் மேட்டில் முடிந்தன. ஒரு கோடுகூட மேட்டைத் தாண்டவில்லை. ஒன்றுகூட!

என்னிடமும் ஒரு தாள் நீட்டினார். நானும் வரைந்தேன். பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"யோவ் ஹுடாக், இருபத்திரண்டு வருஷம் அந்தப் பக்கம் தபால் போட்டியே. அது எங்கய்யா?"

"பென்சில் தேஞ்சுபோச்சு."

"பென்சிலா? உன் மூளைதான்யா தேஞ்சுபோச்சு."

அவமானமாக இருந்தது. இன்றும் இருக்கிறது. "நீ வரைஞ்சியா?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் படக் கட்டின் மேலிருந்த தாளை எடுத்துக் காட்டினார். அவர் வரைந்தது. அதுவும் மேட்டில்தான் முடிந்திருந்தது. முப்பத்தொரு வருடம் இரண்டு பக்கமும் நடந்த கால்கள் அவருடையவை. அந்தத் தாளை அவர் மறைக்கவில்லை, முதல் தாளாக வைத்தார். இங்கே யாருக்கு இருக்கிறது அந்த நெஞ்சுரம்?

அம்மையார் அனுப்பிய அந்தப் படக் கட்டை இயக்குநர் அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? "இவை தரவு அல்ல, கிறுக்கல்கள்" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியது.

சரி, எண்தான் வேண்டுமா? அம்மையார் எண்ணினார். கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடும் சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு, மேட்டுக்கு அடியில் இருக்கும் சுரங்கப்பாதையில் மடக்கு நாற்காலி போட்டு ஐந்து நாள் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்த கறுப்பர்கள், நாளொன்றுக்கு முந்நூற்றுப் பதினொரு பேர். பள்ளிக்கூடம் இங்கே, மருத்துவமனை இங்கே, வேலை இங்கே. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போன வெள்ளையர்கள்? இரண்டு பேர். ஒருவர் தபால்காரர். இன்னொருவர் மின்மானி பார்க்க வந்தவர்!

இப்போது அந்தச் சுரங்கப்பாதையைக் கான்கிரீட் போட்டு அடைக்கப் போகிறார்கள். ஏன்? பாதை பழுதாகிவிட்டதாம், பிரிந்து கிடக்கும் வட்டாரங்களுக்குத்தான் செப்பனிட அரசு உதவி உண்டாம். நாம்தான் கலந்துவிட்டோமே! யான்சி ஐயா வாரம் மூன்று நாள் சிறுநீரகச் சிகிச்சைக்குச் சக்கர நாற்காலியில் அந்த வழியாகத்தான் வருகிறார். அடைத்துவிட்டால் நெடுஞ்சாலைப் பாலம்தான் கதி. நடைபாதை இல்லாத பாலம், லாரிகள் பறக்கும் பாலம். ஒன்றரை மைல். அந்த வழியில் அவரை ஒரே ஒரு தடவை தள்ளிக்கொண்டு போய்க் காட்டுங்கள் இயக்குநர் அவர்களே, கேடயத்தை நான் என் கையால் துடைத்து மாட்டுகிறேன்.

அர்னீதா அம்மையாரின் இதயம் நின்ற அன்று, அவருடைய சமையலறை மேசையில் பாதையை அடைப்பது பற்றி நகர மன்றம் செவ்வாய்க்கிழமை நடத்தும் பொது விசாரணைக்கான அறிவிப்பு கிடந்தது. பேச வேண்டியதை அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்தார். நான்கு வரி. இயக்குநரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. முதல் வரி இதுதான்: "என் படமும் மேட்டில்தான் முடிந்தது. பாதையை அடைத்தால் எல்லார் படமும் உண்மையாகிவிடும்."

நண்பர்களே, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேட்டுக்கு மேற்கே, யான்சி ஐயாவின் பக்கம் கூடுவோம். சுரங்கப்பாதை வழியாக நகர மன்றம் வரை நடப்போம். யான்சி ஐயாவின் நாற்காலியை நான் தள்ளுகிறேன். அந்த நான்கு வரிகளை நான் படிக்கிறேன். இது நான் அவருக்குக் கொடுக்கும் வாக்கு.

ஆனால் செவ்வாய்க்கிழமை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? பின்னால் பாருங்கள். இடப்பக்கச் சுவரோரம் ஒரு மேசை, பியரோகிக் கொழுக்கட்டை. வலப்பக்கச் சுவரோரம் ஒரு மேசை, பொரித்த கோழியும் காலார்ட் கீரையும். காப்பிக் குடம்கூட இரண்டு! இதோ, அம்மையாரின் எண்ணும் கருவி என் கையில் இருக்கிறது. பூஜ்ஜியம் காட்டுகிறது. அவருக்காக யாரும் எழுந்து மௌனமாக நிற்க வேண்டாம். நம் மௌனத்தை அவர் முப்பத்தொரு வருடம் பார்த்துவிட்டார். எழுந்து அந்த ஆறடியைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலியில் உட்காருங்கள். இன்று ஒரே ஒருவர்தான் கடந்தார் என்றால் அந்த எண்ணையும் செவ்வாய்க்கிழமை மன்றத்தில் படிப்பேன், பெயர் ஊரோடு.

யான்சி ஐயா, உங்கள் பக்கத்து நாற்காலியில் இருக்கும் தொப்பியைக் கொஞ்சம் எடுங்கள். இறங்கி வருகிறேன்.

ஒன்று.