உவர்க்காணிச் சீதனம்

அச்சுவேலிச் சந்தையடியிலை பஸ்ஸுக்கு நிக்கேக்கை கேட்ட கதை இது. எனக்கு எழுத்துக் குறைவு, காது குறைவில்லை. முன்னாலை மாப்பிள்ளையின்ரை தாயும் பொம்பிளையின்ரை தேப்பனும் சம்பந்தம் கதைச்சுக்கொண்டு நிண்டினம்.

"அண்ணை, நான் வேண்டாமெண்ட அந்த உவர்க்காணியையே சீதனமாய்த் தாங்கோ!" எண்டாள் தாய்.

"புல்லும் முளையாத தரையெண்டு சிரிச்சனீங்கள் எல்லே?"

"தொண்டைமானாற்றிலை அரசாங்கம் அணை கட்டப்போகுதாம்! கடல்தண்ணி உள்ளுக்கை வராது. மழைத்தண்ணி நிண்டு உப்பைக் கழுவ, உங்கடை தரையிலை நெல்லு விளையுமாம்!"

"ஓம், எனக்கும் தெரியும். அதுதான் இப்ப குடுக்க மனமில்லை."

"ஐயோ அண்ணை! அப்ப சம்பந்தம்?"

"கொழும்பிலை இன்னும் காசு ஒதுக்கேல்லை, தங்கச்சி. ஒதுக்கி, கட்டி, உப்புக் கழுவி முடிய உங்கடை மோனுக்குத் தலை நரைச்சிடும்."

"மோனுக்கு ஆர் கேட்டது? பேரனுக்கெல்லோ கேக்கிறன்!"

அந்த மனிசன் சந்தையே திரும்பிப் பாக்கச் சிரிச்சார்.

"பிறக்காத பேரனுக்குக் காணி உறுதி எழுதேலாது. அதை என்ரை மோளின்ரை பேரிலைதான் எழுதுவன். கெதியாய்க் கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ!"