கோழி பள்ளிக்கு, வால் ஐல்சாவுக்கு

கடற்காற்று கதவைத் தட்டிக் கொண்டே இருக்கும் வைகோரா பள்ளியில் முப்பத்தோராண்டு எழுத்தறிவித்த ஏந்தலே! எழுத்துக் கூட்டத் திணறிய நாவுகளில் சொற்களை நடமிடச் செய்த நல்லாசிரியரே! சண்டையிட்டவனையும் அவனைச் சண்டைக்கு இழுத்தவனையும் ஒரே பார்வையால் ஒருசேர அடக்கிய சான்றோரே! எங்கள் அன்புக்கும் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய ஐல்சா மெக்லாக்லன் அம்மையீர்! வணக்கம்!

பணி ஓய்வு பெறும் உங்களை வாழ்த்த வந்திருக்கிறோம். குழம்பிப் போயும் வந்திருக்கிறோம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எதை மறைத்தாலும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

காற்றைக் கண்டால் அஞ்சி நடுங்கும் கோழி ஒன்றைப் படைத்தீர்கள். அதற்குப் பிஸ்கட் என்று பெயரிட்டீர்கள். படிக்கத் தயங்கும் பிள்ளைகளுக்காக அதன் கதையை அறுபத்து நான்கு சிறு நூல்களாக எழுதினீர்கள், வரைந்தீர்கள், நீங்களே மடித்துத் தைத்தீர்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அவை அனைத்தையும் இணையத்தில் ஏற்றி, எவரும் எடுக்கலாம், எவரும் மாற்றலாம், எவரிடமும் கேட்க வேண்டாம் என்று எழுதி வைத்தீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்துங்கள், வகுப்பறைகளுக்கு வழிவிடுங்கள் என்று நாடாளுமன்றத்துக்கு மூன்று முறை மனு அனுப்பினீர்கள். அந்தச் சட்டத்தில் ஒரே ஒரு பத்தியை மட்டும் நீங்கள் படிக்கவில்லை. நாங்களும்தான் படிக்கவில்லை!

அக்டோபரில் கிரிபாத்தித் தீவுகளிலிருந்து தெரேசியா என்னும் ஆசிரியை எழுதினார். பிஸ்கட்டைத் தம் மொழியில் அச்சிட வேண்டும், அச்சகத்தார் உரிமையாளரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள் என்றார்.

"குடுங்க, நான் போடுறேன். என் கோழிதானே?" என்றீர்கள்.

தலைமையாசிரியர் டேமியன் எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று சட்டநூலைப் புரட்டினார். அன்றோடு போயிற்று எங்கள் நிம்மதி. ஊழியர் பணிக்காக உருவாக்குவது பணி கொடுத்தவருடையதாம். பள்ளியிலே பணி கொடுத்தவர் நிர்வாகக் குழுவாம். ஆக, பதினான்கு ஆண்டுகளாக அடுத்தவர் கோழியை அல்லவா நீங்கள் ஊருக்கெல்லாம் வாரி வழங்கியிருக்கிறீர்கள்! ஓய்வுபெற்ற மறுநாள் அறுபத்தைந்தாவது கதையை எழுத உட்கார்ந்தால், நீங்களே அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். தெரேசியாவின் பிள்ளைகளுக்கோ நீங்கள் தந்த அனுமதி செல்லாது. அன்று நீங்கள் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனீர்கள். உங்களை அப்படிப் பார்க்க எங்களுக்குப் பொறுக்கவில்லை.

சென்ற வாரம் புதன்கிழமை எங்களையும் வைத்துக்கொண்டு குழு கூடியது. தலைவர் கிரேம் டாபின் ஆயிரத்து எண்ணூறு ஆடுகளை மேய்ப்பவர். கோழி விவகாரம் அவருக்குப் புதிது.

"ஐல்சா, இதுல எதெல்லாம் ஸ்கூல்ல வரைஞ்சது, எதெல்லாம் வீட்ல வரைஞ்சது? வீட்ல வரைஞ்சத நீங்களே வச்சுக்கலாம்னு நினைக்கிறேன்."

"கோழிய இங்க வரைஞ்சேன், கிரேம். வாலை வீட்ல போய் வரைஞ்சேன்."

"அப்ப வால் மட்டும் உங்களோடதா?"

"என்னைக் கேட்டா? நீங்கதானே முதலாளி!"

அறுபத்து நான்கு வால்களையும் எப்படிப் பிரிப்பது என்று குழுவினர் இருபது நிமிடம் பேசினார்கள். உண்மையாகவே பேசினார்கள், குறிப்பேட்டில் இருக்கிறது. இறுதியில் கிரேம் முகம் மலர்ந்து, "இப்படிச் செஞ்சா என்ன? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை உங்க பிரிவு விழா மேடைல மொத்த உரிமையையும் உங்களுக்கே பரிசாக் குடுத்துடுறோம். இதைவிட நல்ல பரிசு கிடைக்குமா?" என்றார்.

நாங்கள் கைதட்டத் தொடங்கிவிட்டோம்.

"வேணாம்," என்றீர்கள் நீங்கள்.

தட்டிய கைகளை என்ன செய்வதென்றே எங்களுக்குத் தெரியவில்லை.

"எனக்குக் குடுத்தா நான் போனப்புறம் யாருகிட்ட வந்து கேப்பாங்க? என் அக்கா மகன்கிட்டயா? அவனுக்குக் கோழின்னா பொரிச்சது மட்டும்தான் தெரியும். எனக்குன்னு குடுக்காதீங்க, கிரேம். எல்லாருக்கும்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அந்த எல்லார்ல நானும் ஒருத்திதானே?"

ஐந்து கைகள் உயர்ந்தன. கிரேமின் கை கடைசியாக உயர்ந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு வர அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரேசியாவுக்கு அனுமதிக் கடிதம் அன்றே போனது.

அம்மையீர்! எங்கள் குழப்பம் அதன் பிறகுதான் முற்றியது. பிஸ்கட் உலகத்தாருடையது ஆகிவிட்டது. விடைபெறும் உங்களுக்கென்று தர எங்களிடம் என்ன இருக்கிறது? பாராட்டு மடலாவது இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டோம். அலுவலக மேரியன் அதைப் பள்ளிக் கணினியில் பாதி தட்டச்சு செய்திருந்தபோது கிரேம் எட்டிப் பார்த்தார்.

"ஸ்கூல் நேரத்துல, ஸ்கூல் கம்ப்யூட்டர்ல... அப்ப இதுவும் எங்களோடதுதானே, மேரியன்?"

வேடிக்கைக்குச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா என்று இன்றுவரை விளங்கவில்லை. மேரியன் அதை அழித்தே விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சொந்தத் தாளில், சொந்தப் பேனாவால், ஆறு பேரும் சீஸ் ரோல் தின்றுகொண்டே இதை மீண்டும் எழுதினோம். வலது மூலையில் உள்ள வெண்ணெய்க் கறையும் எங்களுடையதே. கண்ணாடிச் சட்டகம் மட்டும் பள்ளி வாங்கியது. அதைப் பற்றி யாரும் கேள்வி எழுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

காற்றுக்கு அஞ்சாத கால்களோடும், கண்ணாடி தேடாத கண்களோடும், அறுபத்தைந்தாம் கதையிலிருந்து நூறாம் கதைவரை எழுதும் கைகளோடும், நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழ்க நீங்கள்! கடற்கரையில் நடக்கும்போது பள்ளி வேலியோரம் நின்று எங்களையும் ஒரு குரல் கூப்பிடுங்கள்!

உங்கள் ஒவ்வொரு நூலின் கடைசிப் பக்கத்திலும் "படிச்சாச்சா? அடுத்த ஆளுக்குக் குடு" என்று எழுதியிருப்பீர்கள். இந்த மடலின் அடியிலும் அதை எழுத மேரியன் பேனாவை எடுத்தார். நாங்கள் தடுத்துவிட்டோம். இதை யாருக்கும் கொடுக்காதீர்கள், ஐல்சா. இது உங்களுக்கு மட்டும்.

இங்ஙனம்,
பள்ளி நேரத்துக்கு வெளியே,
வைகோரா பள்ளி ஆசிரியர் ஐவரும் அலுவலக மேரியனும்