சத்தம் கூட்டாத டிவி

தட்டாஞ்சாவடியில் வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“இப்பல்லாம் எங்க வீட்டுக்காரரு டிவி சத்தத்தக் கூட்டறதே இல்லக்கா,” என்றாள் சின்னவள்.

“நல்லதுதான?”

“முன்னெல்லாம் கூட்டி வச்சிட்டுத்தான் அடிப்பாரு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு. மழையில செவுரு இடிஞ்சதுலேர்ந்து எங்க லைன் வீட்ல எல்லாரும் காலி பண்ணிட்டாங்க. வேற வீடு கெடைக்காம நாங்க மட்டும்தான் கெடக்குறோம்.”



நெல்லித்தோப்பில் கண்டக்டர் மூத்தவளிடம், “எறங்கலயாம்மா?” என்றார்.

“இல்லப்பா. இவகூட உப்பளம் ஸ்டாப் வரைக்கும் போறேன், டிக்கெட் குடு.” பிறகு சின்னவளிடம் சொன்னாள். “உன் துணிய எடுத்துக்கினு வந்துடலாம். எங்க வீட்டச் சுத்தி ஆளுங்க இருக்காங்க.”