தள்ளாத வயசு

இலை போட இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்னு சமையல்காரர் அங்கிருந்து சைகை காட்டுறார். அதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லி இறங்கிடறேன். கதை பிடிக்கலைன்னா சாம்பாரைப் பாராட்டிட்டுப் போங்க.

கையுறை விக்கிற விஷயமா நான் இங்கிலாந்து போயிருந்தேன். கிரிம்ஸ்பின்னு ஒரு துறைமுக ஊர். நம்ம தூத்துக்குடி மாதிரியே மீன் வாசம்... வெயில் மட்டும் கிடையாது. அங்க டெரக்னு ஒரு மீன் கடைக்காரர். நம்ம சரக்கைக் கையில வாங்கினார்... இழுத்துப் பார்த்தார்... மோந்து பார்த்தார்... உதட்டைப் பிதுக்கினார். வியாபாரின்னா எந்த நாட்டுலயும் ஒரே ரகம்தான் போங்க!

அவர் கடைச் சுவத்துல தேய்ஞ்சு போன ஒரு ஜோடி கையுறை தொங்குது. "இது யாரு வாங்கினது?"ன்னு கேட்டேன். "அது விக்கிறதுக்கு இல்லை. என் பொண்ணு ஹேசலோடது. சக்கர நாற்காலிப் பந்தயக்காரி"ன்னார். அப்புறம் கதையைச் சொன்னார். அவர் இங்கிலீஷ்ல பாதி எனக்குப் புரிஞ்சுது. மீதியை நானே போட்டு நிரப்பிக்கிட்டேன். கலப்படம்னு யாரும் புகார் குடுத்துடாதீங்க.

ஹேசலுக்குப் பிறந்ததுலேருந்தே கால் ரெண்டும் வராது. பள்ளிக்கூடமா, கடற்கரையா, கோயிலா... எங்க போனாலும் நாற்காலியைத் தள்ளிக்கிட்டு அப்பா பின்னாடியே போவார். நல்ல அப்பா. அதுதான் பிரச்சினையே!

பொண்ணு வளர்ந்தா. பந்தயத்துல சேர்ந்தா. பந்தய நாற்காலி நம்ம ஆஸ்பத்திரி நாற்காலி மாதிரி இருக்காது. மூணு சக்கரம், தரையோட தரையா இருக்கும். குனிஞ்சு உட்கார்ந்து, கையுறை போட்ட கையால சக்கரத்து வளையத்தை அடிச்சு அடிச்சு ஓட்டணும். சட்டம் ஒண்ணுதான். அடுத்தவங்க கை வண்டியில படக் கூடாது.

முதல் பந்தயம். ஹேசல்தான் முன்னாடி வர்றா. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முந்தி ஒரு மேடு. வண்டி திணறுது. அப்பா ஓரத்துல நிக்கிறார். சும்மா நிப்பாரா? கயித்தைத் தாண்டிக் குதிச்சார்... ஒரே தள்ளு! பொண்ணு முதல்ல கோட்டைத் தொட்டா. அப்பா ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ஆடுறார்.

நடுவர் விசில் அடிச்சார். "அவுட்!"

"யாருங்க அவுட்?"

"உங்க பொண்ணு."

"ஏன்யா?"

"நீங்க தொட்டீங்க."

"என் பொண்ணை நான் தொடக் கூடாதாய்யா?"

அவர் கேக்கிறது நியாயமாத்தானே இருக்கு? நமக்கும் அப்படித்தானே தோணுது? ஆனா பொண்ணு என்ன சொன்னா தெரியுமா? கண்ணுல தண்ணி நிக்குது... மெதுவாத்தான் சொன்னா. "அப்பா, நானே தள்ளினா நான் பந்தயக்காரி. நீங்க தள்ளினா... நான் உங்க கடை மீன் பெட்டி."

மனுஷன் தூக்கின கையைக் கீழே இறக்கினார்.

அப்புறம் வருஷக்கணக்கா ஓடினா. விழுந்தா. தோள்பட்டை கிழிஞ்சு படுத்தா, எழுந்து வந்து மறுபடி ஓடினா. கடைசியில, நாட்டுக்காக ஆள் எடுக்கிற பந்தயம். மூணு பேருக்குத்தான் இடம். அன்னைக்குப் பார்த்து மழை. மறுபடியும் கோட்டுக்கு முன்னாடி ஒரு மேடு! ஹேசல் மூணாவதா வர்றா, பின்னாடியே இன்னொருத்தி நெருங்கிட்டா. ஈரத்துல கை வழுக்குது. வண்டி நின்னுடுச்சு... லேசாப் பின்னாடி உருளுது.

எங்க நின்னுச்சு? சரியா அப்பா பக்கத்துல! கை நீட்டினா எட்டிடும். ஹேசல் திரும்பிக்கூடப் பார்க்கலை. பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா: "அப்பா... கை வைக்காதீங்க!"

டெரக் என்ன பண்ணினார்? பக்கத்துல இருந்த விளக்குக் கம்பத்தை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டார். பக்கத்துல நின்ன ஒரு அம்மா பதறிப் போய், "என்னங்க, உடம்புக்கு முடியலையா?"ன்னு கேட்டாங்க.

"பேசாம இருங்கம்மா! நான் என் பொண்ணுக்கு உதவி பண்ணிக்கிட்டிருக்கேன்!"

அடிச்சா பாருங்க அந்தப் பொண்ணு... ஒரு அடி... இன்னொரு அடி... மேடு ஏறிட்டா. மூணாவது இடம்!

அதுக்கப்புறம் அவ பதக்கமெல்லாம் வாங்கினா. அது பத்திரிகைக்காரங்க சமாச்சாரம். டெரக் எனக்குச் சொன்னது வேற. அன்னைக்குப் பந்தயம் முடிஞ்சு ஹேசல் சாதா நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தா. "அப்பா, கார் மேட்டு மேல நிக்குது. எனக்குக் கை ரெண்டும் செத்துப் போச்சு. இப்பத் தள்ளுங்க"ன்னா. அந்த மனுஷன் தள்ளிக்கிட்டு ஓடின ஓட்டத்துக்குத் தனியா ஒரு பதக்கம் குடுத்திருக்கணும்!

ஏன் இந்தக் கதை? இன்னைக்கு நம்ம சங்கத்துல இளைய வணிகர் பிரிவு ஆரம்பிக்கிறோம். முன் வரிசையில தவசிமுத்து அண்ணாச்சி உட்கார்ந்திருக்கார். பைப் கடையைப் பொண்ணு செல்வகனிகிட்ட ஒப்படைச்சாச்சு, மாலை போட்டாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. ஆனா கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூல் கிடக்கே... அது யாருக்கு? வாடிக்கைக்காரர் விலை கேக்கிறார். பொண்ணு வாயைத் திறக்குது. பதில் ஸ்டூல்லேருந்து வருது! சிரிக்காதீங்க அண்ணாச்சி, உங்களைத்தான் சொல்றேன். பின்னாடி சிரிக்கிறவங்களும் சேர்த்திதான்.

நம்ம பஜார்ல நடுவர் கிடையாது. ஆனா விசில் உண்டு. "அப்பா இல்லையாம்மா? சரி, அப்புறமா வர்றேன்"னு ஒருத்தர் திரும்பிப் போறாரே... அதுதான் விசில். நாம தள்ளினோம், பொண்ணு அவுட்.

நமக்கெல்லாம் தள்ளாத வயசு வந்துடுச்சுன்னு இளசுங்க பேசிக்கிறாங்க. கோவிச்சுக்காதீங்க. தள்ளாத வயசுன்னா என்ன அர்த்தம்? முடியாத வயசுன்னா? இல்லைங்க... பிள்ளைங்களைத் தள்ளாம இருக்க வேண்டிய வயசு! கை அரிக்கத்தான் செய்யும். கடை வாசல்ல கம்பம் இருக்கு, கட்டிப் பிடிச்சுக்கோங்க. "அப்பா, இப்பத் தள்ளுங்க"ன்னு உள்ளேருந்து ஒரு நாள் குரல் வரும். வந்ததும் ஓடுங்க.

செல்வகனி, தேவைப்படும்போது கூப்பிடும்மா. இன்னைக்கு மட்டும் வேண்டாம்... அப்பா நிம்மதியாச் சாப்பிடட்டும்.