ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள்

ராத்திரி ஒன்றரை மணி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு வருகிற ரோடு. பகலில் லாரியும் பஸ்ஸுமாக மூச்சு விடாத ரோடுதான்... அந்த நேரத்தில் ஒரு நாய்கூட இல்லை.

டார்ச்சை அணைத்துவிடுங்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது.

என் சிநேகிதன் சோணைமுத்துவின் அத்தை மகள் அனுசியா அந்த ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதை கட்டுகிற அளவுக்கு அவனுக்கு மூளை கிடையாது, அதனால் நம்புகிறேன். சென்னையில் விசாவுக்குக் கைரேகை கொடுத்துவிட்டு, மதுரையில் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்தவள். தம்பி மாரீஸ்வரன் பைக்கோடு நிற்பதாகச் சொல்லியிருந்தான். நிற்கவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. நன்றாகத் தூங்கிப்போயிருந்தான்.

நடந்தாள். இடது பக்கம் மில் காம்பவுண்டுச் சுவர். நீளச் சுவர். உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம், ம்ம்ம்... என்று ஒரே சீராக. அந்தச் சுவரைத் தாண்டினால்தான் வீடு.

பாதிச் சுவர் வந்திருப்பாள். நீலகிரித் தைல வாசனை. கூடவே ஈரப் பஞ்சு வாசனை. பின்னால் ஓர் இருமல்... சளி இருமல் இல்லை. தொண்டையில் பஞ்சு அடைத்துக்கொண்டால் வருமே, அந்த வறட்டு இருமல். இரண்டு தடவை.

அனுசியா திரும்பிப் பார்க்கவில்லை. அது யாருடைய இருமல் என்று அவளுக்குத் தெரியும்.

கையில் ஃபோன் அதிர்ந்தது. பிரஸ்ஸல்ஸில் இருக்கிற ஹாஸ்டலில் இருந்து தகவல். உங்கள் படுக்கை உறுதியாகிவிட்டது, நன்றி. கட்டில்: ஒன்று. தங்குபவர்கள்: இரண்டு பேர்.

இராஜபாளையத்துக்காரிக்கு பெல்ஜியத்தின் தலைநகரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அனுசியா சின்ன வயதில் அந்த மில்லில் வேலை பார்த்தவள். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். மில் பெண்களுக்காக மதுரையில் ஒரு சங்கம் இருக்கிறது, அதில் ஜெபா என்று ஒரு பெண். நம் ஊர் நூலில் சட்டை தைத்து விற்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் பிரஸ்ஸல்ஸில் ஒரு கூட்டம் போடுகிறார்கள், மில்லில் கிடந்து வந்த ஒருத்தி நேரில் வந்து நடந்ததைச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று ஜெபாதான் அனுசியாவைப் பிடித்தாள். அங்கே ஒரு தமிழ் அம்மாள் கூட நின்று மொழிபெயர்ப்பார். கம்பெனிக்காரர்கள் பெரிய ஓட்டலில் இறங்குவார்கள். அனுசியாவுக்கு ஓட்டல் கட்டுப்படியாகாது. அதே தெருவில், எதிர்ப்பக்கம், ஒரு மலிவான ஹாஸ்டல்.

“ஹாஸ்டலா? மறுபடியுமா?” என்றாள் அனுசியா.

“அக்கா, அந்த மாதிரி ஹாஸ்டல் இல்ல. ஊர் சுத்திப் பாக்க வர்றவங்க தங்குறது. பொம்பளைங்களுக்குன்னு தனி ரூம். மேல கீழன்னு ஆறு கட்டில். பூட்டு மட்டும் நாம கொண்டு போகணும். துண்டுக்குத் தனியா வாடகை. மத்தியானத்துக்கு மேலதான் உள்ள விடுவாங்க.”

அனுசியா ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் பூட்டு வாங்கினாள். துண்டு இரண்டு எடுத்து வைத்தாள். பொது அடுப்படி உண்டு என்றதும் பருப்புப்பொடி இடித்தாள். “வார்டன் எத்தன மணிக்கு கேட்டப் பூட்டும்?” என்று கேட்டாள். வார்டனே கிடையாது என்றபோது அவளால் நம்ப முடியவில்லை. பிறகு இன்னொன்று கேட்டாள்.

“பகல்ல நான் கூட்டத்துக்குப் போயிருவேன்லா... அப்ப என் கட்டில்ல யாரு படுப்பா?”

ஜெபா சிரித்தேவிட்டாள். “யாரும் படுக்க மாட்டாங்கக்கா. உங்க கட்டில்ல யாரு படுக்கப் போறா?”

“எதுக்கும் எழுதிக் கேளு.”

ஜெபா கேட்டாள். பதில் வந்தது. ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள்தான். அந்தப் பதிலை அனுசியா தன் ஃபோனில் வாங்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தாள். படித்துவிட்டு அழுதாள். ஜெபாவுக்கு எதற்கென்று புரியவில்லை.

மில் ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்கு இரண்டு ஆள். ஒருத்திக்குப் பகல் ஷிஃப்ட், ஒருத்திக்கு ராத்திரி ஷிஃப்ட். ஒருத்தி எழுந்து போனால் அடுத்தவள் வந்து விழுவாள். படுக்கை ஆறுவதே இல்லை. அனுசியாவின் கட்டிலில் மறுபாதி ஈஸ்வரி. சேத்தூர்க்காரி. இருவருக்கும் பதினேழு வயது. உட்கார்ந்து பேச நேரம் கிடையாது. ஷிஃப்ட் முடித்து வருகிறவள் தூங்குகிறவளின் கால் கட்டை விரலைப் பிடித்து இரண்டு தடவை இழுப்பாள். “எந்திரிட்டி... உன் முறை.” அவ்வளவுதான் பேச்சு. எழுந்து போகிறவள் பாதிக் கடலை மிட்டாயைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள். மீதிப் பாதி அவள் தின்றது. அப்படி ஒரு சிநேகிதம்.

ஒரு நாள் காலை ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. ராத்திரி முழுக்க நின்ற காலோடு அனுசியா வந்தாள். கட்டை விரலைப் பிடித்து இழுத்தாள். ஈஸ்வரி கண் திறக்கவில்லை. நெற்றியெல்லாம் நீலகிரித் தைலம், தொண்டையில் அந்த வறட்டு இருமல். காய்ச்சல் கொதிக்கிறது. மறுபடி இழுத்தாள். “உன் முறைட்டி...” வார்டன் வந்து வாசலில் நின்றுகொண்டாள். ஈஸ்வரி எழுந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். அனுசியா படுத்தாள். அன்றைக்குப் படுக்கை வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

மத்தியானம் ஈஸ்வரி மிஷினுக்குப் பக்கத்தில் விழுந்தாள். வண்டி வருகிற வரைக்கும் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் போட்டு வைத்திருந்தார்கள். வண்டி சாயங்காலம்தான் வந்தது. காதல் விவகாரம், எதையோ குடித்துவிட்டாள் என்று எழுதி முடித்தார்கள். குடித்தது காய்ச்சலுக்கு ஒரு டம்ளர் கடுங்காப்பி. செத்தவளிடம் யார் கேட்கப் போகிறார்கள்? அதற்குப் பிறகு மில்லுக்குப் புதுப் பேர் வைத்து போர்டு மட்டும் மாற்றினார்கள்.

இதைத்தான் அனுசியா பிரஸ்ஸல்ஸில் சொல்லப்போகிறாள். பேரோடு சொல்ல வேண்டும். அவள் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

சங்கத்து வக்கீல், பேர் வேண்டாம் என்றார். ‘ஒரு தொழிலாளி’ என்று சொன்னால் போதுமாம், இல்லாவிட்டால் மில்காரர்கள் கேஸ் போடுவார்களாம். அனுசியா சேத்தூருக்குப் போய் ஈஸ்வரியின் தாய் குருவம்மாளிடம் கேட்டாள். அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

“பேரச் சொல்லாத தாயி. சின்னவளுக்கு இப்பத்தான் ஒரு இடம் கூடி வருது. ‘அக்காகாரி எதுக்குச் செத்தா’ன்னு எவனாவது கெளறுனா, நான் என்னன்னு சொல்லுவேன்? போனவ போயிட்டா.”

பெற்றவளே சொல்லிவிட்டாள். அனுசியாவுக்கு வயிறு எரிந்தது. யார் மேல் எரிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில், வாய்விட்டு, “ஈஸ்வரி, நான் சொல்லுதேன்... நீ பாரு” என்றாள். பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அது நடந்து இரண்டாம் நாள்தான் அந்த மில் சுவர் ஓரத்து நடை.

மறுநாள் விடிந்ததும் அனுசியா ஜெபாவுக்குப் போன் போட்டாள். “ரெண்டு பேருன்னு ஏன் போட்ட?”

“நான் ஒண்ணுதான்க்கா போட்டேன். இருங்க... மாத்துறேன்.”

இரண்டை அழித்துவிட்டு ஒன்று என்று மறுபடி போட்டாள். மறுபடி இரண்டு பேர். இந்தத் தடவை பேரும் வந்திருந்தது. அனுசியா, இராஜபாளையம். ஈஸ்வரி, சேத்தூர். ஜெபா வெப்சைட்டைத் திட்டினாள். ஈஸ்வரி என்கிற பேர் வக்கீல் ஃபைலில் இருக்கிறது, எங்கேயோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்றாள். ஒட்டிக்கொண்டுதான் வந்திருந்தது. அன்று முதல் அனுசியா ராத்திரி படுக்கப் போனால் பாயில் ஒரு பக்கம் சூடாக இருக்கும். யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி... அவள் பயப்படவில்லை. கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொள்வாள்.

விசா வரவில்லை.

காகிதத்தில் ஒரே ஒரு வரிக்கு நேரே டிக் அடித்திருந்தார்கள். ஊர் திரும்புவார் என்று எங்களுக்கு நம்பிக்கை இல்லை. பருப்புப்பொடி, பூட்டு, சுவெட்டர் எல்லாம் பையில் அப்படியே இருந்தன. மாரீஸ்வரன்தான் பையை அவிழ்த்து வைத்தான். அவள் தொடவில்லை.

ஜெபாவிடம் முன்னமே எடுத்த விசா இருந்தது. ரத்து செய்தால் ஹாஸ்டல்காரன் காசு திருப்பித் தர மாட்டான் என்பதால், அனுசியாவின் டிக்கெட்டுக்குப் பதில் தனக்கொன்று எடுத்துக்கொண்டு, அனுசியாவின் கட்டிலிலேயே படுக்கப் போனாள். போகும்போது அனுசியா ஒன்றே ஒன்று கேட்டாள். “அவ பேரச் சொல்லிருவியா?” ஜெபா, “பாக்குறேன்க்கா” என்றாள். பாக்குறேன் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்கெல்லாம் தெரியும்.

ஜெபா போய் இறங்கிய அன்று அனுசியாவின் பாய் சில்லென்று கிடந்தது. இரண்டு பக்கமும்.

விடிகாலை. மில் சங்கு ஊதி அடங்கியது. அடுத்த நிமிஷம் ஃபோன்.

“அக்கா...” ஜெபாவின் குரல் கிசுகிசுவென்று வந்தது. “இங்க ராத்திரி ரெண்டு மணி... யாரோ என் கால் கட்டை விரலப் பிடிச்சு இழுத்தாங்க... ரெண்டு தடவ.”

அனுசியா பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.

“எந்திரிச்சு லைட்டப் போட்டேன். யாரும் இல்ல. மத்தவங்க எல்லாம் தூங்குறாங்க. திரும்ப வந்து தலகாணியத் தூக்குனா... பாதிக் கடலை மிட்டாய் இருக்குக்கா. நான் கொண்டு வரல. சத்தியமா நான் கொண்டு வரல...”

கடலை மிட்டாயைப் பற்றி அனுசியா இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

“படுக்கையத் தொட்டுப் பாரு,” என்றாள். “சூடா இருக்கா?”

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லைன் அறுந்துவிட்டது. மீதி ராத்திரியை ஜெபா அடுப்படியில் நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தாளாம்.

அத்தனை பயந்தவள், காலையில் கூட்டத்தில் என்ன வாசித்தாள் தெரியுமா? ‘ஒரு தொழிலாளி’. பேயைவிட வக்கீலுக்குத்தான் பயம். கம்பெனிக்காரர்கள் வருத்தப்பட்டார்களாம். எழுந்து நின்று கை தட்டினார்களாம். காப்பியும் பிஸ்கட்டும் நன்றாக இருந்ததாம். ஜெபா அதையும் வந்து சொன்னாள். அனுசியா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஹாஸ்டலில் இருந்து அனுசியாவுக்கே ஒரு மெசேஜ் வந்தது. ஃபோன் அதைத் தமிழாக்கிக் காட்டியது.

‘உங்கள் தோழி ஈஸ்வரி இன்னும் அறையைக் காலி செய்யவில்லை. நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கட்டிலை வேறு யாருக்கும் கொடுக்க முடியவில்லை. படுக்கை எப்போதும் சூடாக இருக்கிறது.’

ஊர் திரும்ப மாட்டாள் என்று விசா ஆபீஸ்காரன் பயந்தது சரிதான். ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டான்.

அனுசியா பதில் எழுதினாள். ‘அவள எழுப்பாதீங்க. தூங்கட்டும். ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள்னு நீங்கதான சொன்னீங்க.’

உடனே பதில் வந்தது. ‘நாங்கள் எழுப்பவில்லை. அவர்தான் எங்களை எழுப்புகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு, ஒவ்வொரு கட்டிலாக. கால் கட்டை விரலை இழுக்கிறார். காதுக்குப் பக்கத்தில் வந்து ஏதோ சொல்கிறார். காதில் விழுந்தபடி எழுதுகிறோம்: உன் முறை. இதற்கு என்ன அர்த்தம்?’

அனுசியா அர்த்தம் எழுதவில்லை. எழுதிப் போடேன் புள்ள என்று சோணைமுத்து சொல்லிப் பார்த்திருக்கிறான்.

“அவியளே தெரிஞ்சுக்கிடட்டும்,” என்றாளாம்.

நேற்று இன்னொரு மெசேஜ் வந்ததாம். கம்பெனிக்காரர்கள் இறங்குகிற எதிர்ப்பக்கத்துப் பெரிய ஓட்டலிலும் இப்போது யாருக்கும் தூக்கம் இல்லையாம்...