யாரும் விழாத வார்டு

உங்கள் இடது ஷூவின் குதிகால் மட்டும் தேய்ந்திருக்கிறது, மேடம். பையை எப்போதும் அந்தத் தோளில்தான் மாட்டுவீர்கள் போல. தப்பாக நினைக்க வேண்டாம். இருபத்தாறு வருடம் முதியோர் வார்டில் நர்ஸாக இருந்தவளுக்கு முகத்துக்கு முன்னால் கால்தான் கண்ணில் படும். எந்த வீட்டில் நன்றாகக் கவனிக்கிறார்கள், எந்த வீட்டில் நகம் வெட்டிவிடக்கூட ஆளில்லை, எல்லாவற்றையும் கால் சொல்லிவிடும். நான் கேட்கவே வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்பேன்.

நீங்கள் கேட்பது என் அலமாரியில் இருந்த செருப்புகளைப் பற்றி. சொல்கிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

நோயாளிகள் கீழே விழக்கூடாது என்று மேலிடத்திலிருந்து நாலு பக்கச் சுற்றறிக்கை வந்தது. நல்ல விஷயம்தானே. வார்டு வாசலில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி, கடைசியாக ஒருவர் விழுந்து எத்தனை நாள் ஆயிற்று என்று தினமும் காலையில் எழுத வேண்டும். யாராவது விழுந்தால் மறுபடி பூஜ்யம். கூடவே பதினாலு பக்கப் படிவம், விளக்கக் கூட்டம், அதில் எல்லோரும் நம்மைப் பார்க்கிற பார்வை. சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தேன். முப்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் இருக்கும்போது நடக்கிறவர்களின் கையை யார் பிடிப்பது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஆற அமர யோசித்தேன். விழுகிறவர்கள் யார்? நடக்கிறவர்கள். விஷயம் அவ்வளவுதான்.

முதலில் செருப்பை மட்டும்தான் எடுத்தேன். எங்கள் தரை சில்லென்று இருக்கும். வெறுங்காலை வைத்ததும் குழந்தை மாதிரி உள்ளே இழுத்துக்கொள்வார்கள். செருப்பு எங்கே என்று கேட்டால், "கழுவப் போயிருக்கு" என்பேன். ஒவ்வொரு ஜோடியிலும் கட்டில் எண்ணை ஒட்டி வைத்திருந்தேனே, பார்த்தீர்களா? ஒழுங்கு எனக்கு முக்கியம். அடுத்து, கட்டிலின் இரண்டு பக்கக் கம்பிகளையும் ஏற்றிவிட்டேன். அப்புறம், ரொம்பப் பிடிவாதக்காரர்களுக்கு மட்டும், காலைப் பாலில் அரை தூக்க மாத்திரை. இன்னொரு நர்ஸுக்கு எதுவும் தெரியாது. பாலை நானே கொடுத்துவிடுகிறேன் என்றதும், என்னைப் போல நல்லவள் உண்டா என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நூறு நாள் தாண்டியதும் பெரிய அதிகாரி வந்து பலகையோடு என்னைப் படம் எடுத்தார். இருநூறில் மேல்மாடி சிஸ்டர் என்னோடு பேச்சை நிறுத்தினாள். அவள் வார்டு அறுபதைத் தாண்டியதே கிடையாது. படியில் என்னைக் கண்டால் போனைக் காதில் வைத்துக்கொள்வாள். போன் அணைந்திருப்பது எனக்குத் தெரியாதாக்கும்.

பஸ் டிரைவர் வந்தது முந்நூற்றுத் தொண்ணூற்றொன்றாம் நாள். நெஞ்சுச் சளி. பதினேழாம் கட்டில். மகள் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. வெள்ளிக்கிழமை பிசியோதெரபிப் பெண்ணின் முன்னால் பன்னிரண்டு படி ஏறிக் காட்டினால் மகளோடு வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் முதியோர் இல்லம். அந்த இல்லத்தின் படிவம் மருமகன் பையில் தயாராக இருந்தது. பை திறந்திருந்தது, நான் என்ன செய்ய.

"சிஸ்டர், என் செருப்பக் குடுங்க. நாப்பது வருஷம் பிரேக்க மிதிச்ச காலு, சும்மா கெடக்க மாட்டேங்குது."

"கொஞ்ச நாள் டெப்போவுல நிக்கட்டும் டிரைவரே. வண்டி எங்க ஓடிடப் போவுது?"

வார்டே சிரித்தது. அவரும்தான் சிரித்தார். ஆனால் திங்கட்கிழமை மத்தியானம் பார்க்கிறேன், மனிதர் கம்பியைத் தாண்டி இறங்கி, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிற பஸ்ஸை வேடிக்கை பார்க்கிறார். பலகையில் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. கையைப் பிடித்துக் கட்டிலுக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். மறுநாளிலிருந்து அவர் பாலில் அரை மாத்திரை ஒன்றாயிற்று.

வெள்ளிக்கிழமை பிசியோ பெண் அவரை உட்காரவைத்துப் பார்த்தாள்.

"என்னக்கா இது? வந்த அன்னிக்கு ஜோக்கடிச்சுக்கிட்டே என்கூட நடந்தாரு. இப்ப தலையே நிக்க மாட்டேங்குது?"

"வயசாச்சும்மா. ஒரு நாள் போல ஒரு நாள் இருக்குமா?"

நோயாளிக்கு நடக்க விருப்பமில்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன். இன்னொரு வாரம் பார்க்கலாம் என்றாள். அந்த வாரம் முழுக்க மகள் சாயங்காலம் வந்து அவர் பாதத்தைத் தேய்த்துவிட்டாள். "பன்னெண்டே படிப்பா. எனக்காக ஏறுப்பா." அவர் கண் திறக்கவில்லை. போர்வைக்குள் வலது கால் மட்டும் மெதுவாக அழுந்தி அழுந்தி எழுந்தது, பிரேக் போடுவது போல. அடுத்த வெள்ளியும் அவரால் நிற்க முடியவில்லை. மருமகன் படிவத்தை எடுத்து நீட்டினார். மகள் கையெழுத்துப் போட்டாள்.

முகத்துக்கு முன்னால் கால்தான் கண்ணில் படும் என்றேன், இல்லையா? அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கியிருந்ததை, இல்லத்தில் இடம் கிடைக்கக் காத்திருந்த அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே பார்த்துவிட்டேன். தொட்டால் சுட்டது. டாக்டரிடம் சொன்னால், இந்த மனிதர் ஏன் இப்படி அசையாமல் கிடக்கிறார் என்று கேட்பார். போர்வையை இழுத்து மூடிவிட்டேன். புதன்கிழமை பதினோரு மணிக்கு அந்தக் காலிலிருந்து ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது.

மகளிடம் கொடுக்க அவருடைய சாமான்களைத் தேடும்போதுதான் பிசியோ பெண் என் அலமாரியைத் திறந்தாள். ஆள் போன பிறகும் தங்கிவிட்டது மொத்தம் பத்தொன்பது ஜோடி. மற்றவர்கள் ஏன் வாங்கிக்கொண்டு போகவில்லை என்கிறீர்கள். சக்கர நாற்காலியில் போகிறவர்கள் செருப்பைக் கேட்பதில்லை, மேடம். பன்னிரண்டு பேர் அப்படிப் போனார்கள். டிரைவரோடு சேர்த்து ஏழு பேர் அப்படியும் போகவில்லை.

ஆமாம், ஏழு பேருக்கும் பால் கொடுத்தது நான்தான். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அன்றைக்கு அந்தப் பிசியோ பெண் அழுதுகொண்டே போய், என் நானூற்றுப் பன்னிரண்டை அழித்துவிட்டுப் பலகையில் பூஜ்யம் போட்டுவிட்டாள். அதை மட்டும் திருத்தச் சொல்லுங்கள்.

டிரைவர் விழவே இல்லை, மேடம்.