மாதில்டுக்கு ஒரு துணை

அந்த ஜன்னலோரம் குளிரும், மார்லீன். இந்த நாற்காலிக்கு வந்துவிடுங்கள். காபி ஆறிவிடப் போகிறது. ஹில்டெ மாடியில் தூங்குகிறாள், சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டாள். நாம் நிதானமாகப் பேசலாம்.

உங்கள் தம்பி வன்னெஸ் தாழ்ப்பாள் போடாமல் போனதை நான் உண்மையிலேயே பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மனைவி ஆக்னெஸுக்குப் பக்கவாதம் வந்தபோது ஹில்டெ கெண்ட் நகரத்து வேலையை விட்டுவிட்டு இந்த வீட்டுக்கு வந்தாள். அம்மா போன பிறகும் அவள் திரும்பிப் போகவில்லை. நான் இருக்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நாற்பதைத் தாண்டிய மகளுக்கு அப்பன் சொல்ல என்ன இருக்கிறது? என்னுடைய பழைய முயல் கொட்டகையை அவள் கழுவிச் சுண்ணாம்பு அடித்துத் தனதாக்கிக்கொண்டாள். நம் பக்கத்துப் பெரிய முயல்கள்தான். அவற்றில் மாதில்ட் என்ற சாம்பல் நிறப் பெண் முயல் அவளுக்கு உயிர். கண்காட்சியில் பரிசு வாங்கியது. குட்டிக்காகவே வைத்திருந்தோம்.

போன குளிர்காலத்தில் மாதில்டோடு ஒரே கூண்டில் வளர்ந்த தங்கை முயல் செத்துப்போனது. அதற்குப் பிறகு மாதில்ட் சரியாகத் தீனி எடுக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி மூலையில் உட்கார்ந்திருக்கும். ஹில்டெ அதற்கு ஒரு துணை தேட ஆரம்பித்தாள். முயல் வளர்ப்போர் சங்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் கமீல்தான் முதலில் ஆரம்பித்தார்.

"ஈனுற முயலுக்குப் புருஷன் எப்பவாவது வந்துட்டுப் போனாப் போதும் ஹில்டெ. வீட்டோட மாப்பிள்ளை எதுக்கு?"

அவளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. யார் யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். ஒன்று கடித்தது, ஒன்று பயந்து நடுங்கியது. இன்னொரு பெண் முயலைப் பார்த்தவுடனே மாதில்ட் பாய்ந்துவிட்டது. கடைசியில் சங்கக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து உங்கள் தம்பி கையைத் தூக்கினான். தன்னிடம் காயடித்த ஆண் முயல் ஒன்று இருக்கிறது, பெயர் நெஸ்டோர் என்றான். "ஒரு கோழி வந்து அது முதுகுல ஏறி நின்னாலும் ஒண்ணும் சொல்லாதுங்க" என்றான்.

அவன் வேலை தெரிந்தவன், அதை நான் மறுக்கவில்லை. முதலில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் நடுவே கம்பிவலைக் கதவோடு விட்டான். இதன் வைக்கோலை அதற்கும் அதன் வைக்கோலை இதற்கும் மாற்றிப் போட்டு வாசனை பழக்கினான். பிறகு இரண்டுக்குமே சொந்தமில்லாத இடத்தில், எங்கள் துணி துவைக்கும் அறையில், கொஞ்ச நேரம் சேர்த்து விட்டான். தினமும் வேலை முடிந்ததும் சைக்கிளில் வந்துவிடுவான். இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்காருவேன்.

ஒருநாள் மாதில்ட் தானாகவே போய் நெஸ்டோரின் தாடைக்குக் கீழே தலையை நுழைத்துக்கொண்டது. நெஸ்டோர் மெதுவாக அதன் நெற்றியை நக்கிக் கொடுத்தது. ஹில்டெ சிரித்தாள், கூடவே அழுதாள். அவள் கை வன்னெஸின் சட்டைக் கையைப் பிடித்திருந்தது. முயல்கள் பிரிந்த பிறகும் விடவில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

வசந்தத்தில் மாதில்டைக் காயடிக்காத வேறொரு நல்ல ஆண் முயலோடு சேர்த்தோம், அது குட்டிகளை ஈன்றது. வன்னெஸ் என்னிடம் சொன்னான்: "குட்டிங்க வளர்ந்து கூட்டை விட்டு வெளிய வர்ற வரைக்கும் அந்த நடுக்கதவைத் திறக்கவே கூடாது ஃபிர்மின். இப்ப இவகிட்ட யார் போனாலும், நெஸ்டோராவே இருந்தாலும், கிழிச்சிடுவா." அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே எனக்குத் தெரிந்த விஷயம் அது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் உங்கள் வீட்டுக்குத்தானே மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். எனக்கும் அழைப்பு இருந்தது. கிளம்பும்போது ஹில்டெ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, கோடையில நான் வன்னெஸ் வீட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். முயல்களையும் அங்கயே கொண்டுபோயிடுறோம். நீங்களும் வந்துடுங்க. கீழ ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு."

நல்லது என்றேன். முழங்கால் வலிக்கிறது, இன்றைக்கு நான் வரவில்லை, நீங்கள் போய்வாருங்கள் என்றேன். அவள் சூப்பை அடுப்பில் வைத்துவிட்டு என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

வன்னெஸ் கடைசியாகக் கொட்டகைக்குப் போனான். சமையலறை ஜன்னலிலிருந்து உள்ளே நன்றாகத் தெரியும். தீனி வைத்தான், தண்ணீர் மாற்றினான், நடுக்கதவின் தாழ்ப்பாளைப் போட்டான். போட்டுவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தான். நீங்கள் கேட்டது இதைத்தான், சொல்லிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு சூப் குடித்தேன். கிண்ணத்தைக் கழுவி வைத்தேன். பிறகு கொட்டகைக்குப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். நெஸ்டோர் தானாகப் போகவில்லை. அது புத்திசாலி. நான்தான் தூக்கி அந்தப் பக்கம் விட வேண்டியிருந்தது. தூக்கும்போது என் மணிக்கட்டை நக்கியது. கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டேன். போதும் என்று தோன்றியதும் கதவைப் பாதி திறந்தபடி விட்டுவிட்டு வந்தேன்.

அன்று சைக்கிள் பந்தயம். ரேடியோவைப் போட்டேன். முயல் கத்தாது என்று பலர் நினைக்கிறார்கள். கத்தும், ஆயுளில் ஒருமுறை. ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். கற்பாவிய ஏற்றத்தில் நம்மூர்ப் பையன் ஒருவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான், பிறகு பின்தங்கிவிட்டான்.

சாயங்காலம் ஹில்டெதான் முதலில் கொட்டகைக்குப் போனாள். அவள் கத்தவில்லை. ரொம்ப நேரம் வராததால் வன்னெஸ் போனான். நெஸ்டோரின் வயிறு கிழிந்திருந்தது. சண்டையில் குட்டிகள் எல்லாம் மிதிபட்டிருந்தன. மாதில்டுக்கு ஒரு கண் போயிருந்தது. ஹில்டெ செத்த குட்டிகளைத் தன் ஏப்ரனில் எடுத்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்து, ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"நான் போட்டேன்" என்றான் வன்னெஸ். "தாழ்ப்பாளைப் போட்டேன்."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். "நீ அவசரமா வெளிய வந்ததைப் பார்த்தேம்பா. தாழ்ப்பாள் போட்ட மாதிரி தெரியல."

அவ்வளவுதான். அவன் தன் கைகளைப் பார்த்தான். "போட்டேன்னுதான் நினைக்கிறேன்" என்றான். ஹில்டெ அதைக் கேட்டாள். போட்டேன் என்பதற்கும் போட்டேன் என்று நினைக்கிறேன் என்பதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். அவனை வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

மாதில்ட் அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை. ஹில்டெ அதை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். மடியிலேயே போய்விட்டது. நெஸ்டோரையும் அதையும் பேரி மரத்தடியில் ஒரே குழியில் வைத்தாள். குழி நான்தான் வெட்டினேன், முழங்கால் வலியோடு.

பிறகு ஒருநாள் வன்னெஸ் வந்தான். ஹில்டெ கீழே இறங்கி வரவில்லை. நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தான். "என்னாலதான் எல்லாம்" என்று அழுதான். "அவளால என்னை மன்னிக்க முடியாதுன்னு தெரியும். நீங்களாவது மன்னிச்சிடுங்க." அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். தோளில் கை வைத்து, யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்றேன். மனதார மன்னித்தேன். போகும்போது அவன் என் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

இப்போது அவன் முயல்களை எல்லாம் கொடுத்துவிட்டான், வேலைக்கும் போவதில்லை என்கிறீர்கள். வாசல் வரை வந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போய், மறுபடி வந்து இழுத்துப் பார்க்கிறான், பொழுது விடிந்து பொழுது போகும்வரை இதே வேலை என்கிறீர்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. கெட்ட பையன் இல்லை அவன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

ஏன் செய்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஹில்டெக்காக என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் தம்பி வீட்டுச் சுவர் ஈரம் கசியும், அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சுச் சளி. இரண்டு வருஷத்தில் அழுதுகொண்டு திரும்பி வந்திருப்பாள். அந்த அழுகையைத்தான் நான் மிச்சப்படுத்தினேன். அதற்கு ஒரு முயலும் சில குட்டிகளும் போயின. மாதில்ட் போகும் என்று நான் நினைக்கவில்லை. அதற்காக வருத்தப்படுகிறேன்.

கோட்டைப் போட்டுக்கொள்கிறீர்களா? மாடிக்குப் போய் அவளிடம் சொல்வதானால் சொல்லுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் அவளை எழுப்ப வேண்டாம். இன்று காலை ஒரு ரொட்டித் துண்டை முழுசாகச் சாப்பிட்டாள். அவள் பேசுவதில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். எங்களுக்குள் பேச்சு எதற்கு? நான் பேசுகிறேன், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, மார்லீன். போக வேண்டும் என்று நினைத்திருந்தால் எப்போதோ போயிருப்பாளே.